கிட்டப் போய் எடுக்கும் கமெரா

(மொன்றியல் நகரின் கோட்-டே-நேஜ் பகுதியில், தமிழ்க் குடும்பங்களின் குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

இந்தக் குளிரிலும் வந்திருக்கிறீர்கள். சிலர் கையில் பழைய கமெராக்களோடும் வந்திருக்கிறீர்கள். மேசையில் இருக்கும் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்குகிறேன்.

மொன்றியல் மெற்றோ 1966 ஒக்ரோபர் 14ஆம் திகதி திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் யப்பானின் யாஷிக்கா நிறுவனம் 'எலக்ட்ரோ 35' என்ற கமெராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெற்றோவில் முதல் நாள் ஓடிய நீலப் பெட்டிகள் 2018இல் சேவையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. அந்தக் கமெரா இன்னும் படம் எடுக்கிறது. இந்த மேசையிலேயே அதன் வழிவந்தது ஒன்று இருக்கிறது.

எங்கள் வீடுகளுக்கு இவை வந்த வழிகள் பல. கொழும்பில் வேலை பார்த்த மாமா வாங்கியது, சவூதியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்தது, கனடாவுக்கு வந்த புதிதில் பழைய சாமான் கடையில் மலிவாக எடுத்தது. யாஷிக்கா, கனொனெற், மினோல்ற்ரா ஹைமற்றிக், ஒலிம்பஸ். தோல் உறைக்குள் போட்டு, லாச்சியின் அடியில் வைத்துவிட்டோம். பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழுது இல்லை, பராமரிப்பு இல்லாததுதான். இந்தக் கமெராவைத் திரும்பவும் ஓட வைப்பது எப்படி என்று சொல்லப் போகிறேன். ஏன் ஓட வைக்க வேண்டும் என்பதையும் சொல்வேன். உண்மையில் எனக்கு அதுதான் முக்கியம்.

முதலில் இது என்ன வகைக் கமெரா என்று பார்ப்போம். முன்பக்கத்தில் மேலே பெரிய கண்ணாடிச் சன்னல் ஒன்றும், சற்றுத் தள்ளிச் சிறிய சன்னல் ஒன்றும் இருக்கின்றன. பெரியதன் வழியாகத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். சிறிய சன்னலுக்குள் நுழையும் காட்சி, உள்ளே கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, பெரிய சன்னலின் நடுவில் ஒரு சிறிய மஞ்சள் கட்டமாக வந்து விழுகிறது. அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். அம்மம்மாவின் மூக்குத்தி இரண்டு. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்று மற்றதை நோக்கி நகரும். இரண்டு மூக்குத்தியும் ஒன்றாகும் அந்த இடத்தில் விரலை நிறுத்தினால், தூரம் சரியாகப் பிடிபட்டுவிட்டது. இதைத்தான் ரேஞ்ச்ஃபைண்டர் என்கிறோம். லைக்கா 1932இல் இதை லென்ஸோடு இணைத்த கமெராவைக் கொண்டுவந்தது. அது பணக்காரர் வாங்கும் சாமான். 1961இல் கனன் நிறுவனம் கனொனெற் என்ற பெயரில், லென்ஸைக் கழற்ற முடியாத, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய ஒன்றை விற்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இரண்டரை ஆண்டுகளில் பத்து லட்சம் விற்றது. மற்ற யப்பானிய நிறுவனங்களும் இந்தப் போட்டியில் மும்முரமாக இறங்கின.

இந்தக் கமெராக்களில் படம் எடுக்கும்போது மேலெழும் கண்ணாடி இல்லை. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே மெல்லிய தகடுகளாக இருக்கிறது. அதனால் சத்தம் மிகக் குறைவு. கோயிலில் தேவாரம் பாடும்போது எடுத்தாலும் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார். லென்ஸ் 40 அல்லது 45 மில்லிமீற்றர். தூரத்தில் இருப்பதை இழுத்துக் கிட்டக் காட்டாது. முகம் வேண்டுமென்றால் நீங்கள்தான் நடந்து கிட்டப் போகவேண்டும். 80 சென்ரிமீற்றர் வரை போகலாம். கை நீட்டினால் தொடும் தூரம் அது. அந்தத் தூரத்தில் ஒளிந்து நின்று யாரையும் எடுக்க முடியாது. பேசவேண்டும், அனுமதி கேட்கவேண்டும், அவர் உங்களை ஏற்கவேண்டும். இந்தக் கமெராவில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம் இதுதான்.

இந்த ஊரில் இப்படிக் கிட்டப் போய் எடுப்பதைப் பல ஆண்டுகள் செய்து காட்டிய ஒருவர் இருந்தார். சாம் டாட்டா. 1911இல் சங்காயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். சங்காயில் சீனப் புகைப்படக் கலைஞர்களோடு பழகிக் கலையைக் கற்றார். அந்தக் காலத்துப் படங்கள் ஓவியம் மாதிரி இருக்கும், மென்மையான ஒளி, கவனமாக அடுக்கிய காட்சி. பிறகு இந்தியா போனார். விடுதலை நாட்களின் பம்பாயைப் படமெடுத்தார். 1948இல் அங்கே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோனைச் சந்தித்தார். கார்ட்டியே-பிரெசோன் அந்த ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்புதான் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்தச் சந்திப்புக்குப் பிறகு டாட்டாவின் படங்கள் மாறிவிட்டன. அடுக்கிவைத்த காட்சி போய், தெருவில் நடப்பதை நடக்கும்போதே பிடிக்கும் கண் வந்துவிட்டது. 1949இல் சங்காய் கம்யூனிஸ்ற் படையிடம் கைமாறியபோது அவர் அங்கே இருந்தார். கூட்டம், பதற்றம், புதிய படையின் வருகை எல்லாவற்றையும் எடுத்தார். அந்தப் படங்கள் நாற்பது ஆண்டுகள் கழித்து 1989இல்தான் ஒரு நூலாக வந்தன.

1956இல் டாட்டா மொன்றியலுக்குக் குடியேறினார். இங்கே இதழ்களுக்குப் படமெடுத்தார். 1963இல் இந்த நகரைப் பற்றியே ஒரு படநூல் வந்தது. அவரை நினைக்கவைப்பவை அவர் எடுத்த கனடிய எழுத்தாளர்கள், ஓவியர்களின் முகங்கள். ஸ்ரூடியோவுக்கு அழைத்து விளக்குப் போட்டு எடுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கே போனார். சன்னல் வெளிச்சம், புத்தகக் குவியல், கசங்கிய சட்டை. பேசிக்கொண்டே சிறிய 35 மில்லிமீற்றர் கமெராவால் எடுத்தார். அந்த முகங்களில் கமெராவுக்குப் பயந்த இறுக்கம் இல்லை. சீனாவையும் இந்தியாவையும் கடந்து வந்த ஒரு மனிதர், புது நாட்டு மக்களை அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் புரிந்துகொண்ட விதம் அது. நாங்களும் கடல் கடந்து வந்தவர்கள். அவர் 2005இல் காலமானார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் காபோர் சிலாசி, ஹங்கேரியர். 1952இல் புடாபெஸ்ற்றில் ஒரு சோர்க்கி கமெராவோடு தொடங்கினார். சோர்க்கி என்பது லைக்காவைப் பார்த்து சோவியத் நாட்டில் செய்த மலிவான ரேஞ்ச்ஃபைண்டர். 1956 எழுச்சியை அதில் எடுத்தார், அடுத்த ஆண்டு அகதியாகக் கனடா வந்தார். கியூபெக்கின் கிராமங்களையும் மொன்றியலின் கலைஞர்களையும் அவர் அளவுக்கு நெருங்கிப் பதிவு செய்தவர்கள் குறைவு.

கிட்டப் போவது பற்றிப் பேசும்போது இந்த மாகாணத்தின் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது மொன்றியல் தெருவிலேயே பிறந்த வழக்கு. 1988இல் இங்கே வெளிவந்த 'வீஸ் வேர்சா' என்ற கலை இதழ், செயின்ற்-கத்ரின் தெருவில் ஒரு கட்டடத்தின் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை வெளியிட்டது. எடுத்தவர் ஜில்பேர் டுக்லோ. அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1998இல், கனடிய உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்து 2,000 டொலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. கியூபெக்கின் உரிமைச் சாசனப்படி ஒருவரின் உருவம் அவருடைய தனி வாழ்வைச் சேர்ந்தது. கூட்டத்தில் தற்செயலாக ஒரு முகம் விழுவது வேறு. ஒருவரையே மையமாக வைத்து எடுத்து, கேட்காமல் வெளியிடுவது வேறு. தெருப் புகைப்படக்காரர் பலர் அந்தத் தீர்ப்பால் மனம் நொந்தார்கள். டுக்லோவே பிறகு அதைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. தெருவின் நினைவு இல்லாத ஒரு நகரம் ஏழைப்பட்டுத்தான் போகும். ஆனாலும் நான் அந்தப் பெண்ணின் பக்கம்தான். உங்கள் மகள் படியில் அமர்ந்திருக்கும்போது யாரோ எடுத்து அச்சிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? 80 சென்ரிமீற்றரில் நின்று எடுக்கும் கமெராவில், கேட்காமல் எடுப்பது இயல்பாகவே கடினம். கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள்.

சரி, இனிப் பராமரிப்பு.

பற்றரி பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். இந்தக் கமெராக்கள் பாதரசப் பற்றரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு. யப்பானின் மினமாட்டாவில் அது மனித உடலுக்கு என்ன செய்தது என்பதை, 1970களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் எடுத்த படங்கள் உலகத்துக்குக் காட்டின. அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டு இந்தப் பற்றரிகளை நிறுத்தியது. கனடாவில் பாதரசப் பொருட்களுக்கான ஒழுங்குவிதிகள் 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் பிந்தைய கனொனெற் போன்றவற்றின் ஒளிமானி 1.35 வோல்ற்றை எதிர்பார்க்கிறது. இன்றைய அல்கலைன் பற்றரி 1.5 வோல்ற் தருகிறது. கூடுதல் மின்சாரம் வந்தால் ஒளிமானி வெளிச்சம் அதிகம் என்று தவறாகக் கணக்கிடும், படம் இருட்டாக வரும். இதற்கு மலிவான வழி, காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 இலக்கப் பற்றரி. எந்த ஃபார்மசியிலும் கிடைக்கும். 1.4 வோல்ற்றுக்குக் கிட்ட, நிலையாக நிற்கும். அளவு கொஞ்சம் சிறியது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் சரியாக அமரும். ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றுப்பட்டு வேலை செய்யத் தொடங்கும், சில வாரங்கள் ஓடும். யாஷிக்கா எலக்ட்ரோவுக்கு இந்தக் கவலை இல்லை. அது 5.6 வோல்ற் கேட்கும், 6 வோல்ற் பற்றரியையும் ஏற்றுக்கொள்ளும். உயரம் போதாத இடத்தில் ஒரு சுருள்கம்பி வைத்தால் போதும்.

பற்றரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். கனொனெற் பற்றரியே இல்லாமல் எல்லா வேகத்திலும் எடுக்கும், ஒளிமானி மட்டும் உறங்கும். யாஷிக்கா எலக்ட்ரோ பற்றரி இல்லாவிட்டால் 1/500 நொடியில் மட்டும் திறக்கும். ஒலிம்பஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மைத்தானி வடிவமைத்து 1979இல் வந்த எக்ஸ்ஏ சட்டைப்பைக்குள் அடங்கும் அழகு, ஆனால் பற்றரி இல்லாமல் அசையாது. முதல்முறை வாங்குவோருக்கு நான் கனொனெற்றைத்தான் சொல்வேன்.

பழைய பற்றரி உள்ளேயே கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டு, சொட்டாமல் துடையுங்கள். பிறகு அல்ககோலால் துடைத்து உலரவிடுங்கள். தகட்டைப் பென்சில் அழிறப்பரால் தேயுங்கள், பளபளப்பு வரும்வரை. எடுத்த பாதரசப் பற்றரியைக் குப்பையில் போடாதீர்கள். நகரசபையின் எக்கோசாந்தர் என்ற கழிவு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அடுத்தது பின்கதவு. திறந்தால் ஓரங்களில் கறுப்புப் பசை கையில் ஒட்டும். வெளிச்சம் உள்ளே போகாமல் தடுக்க வைத்த ஸ்பொஞ்ச் அது, ஐம்பது ஆண்டில் உக்கித் தார் ஆகிவிட்டது. அதை அப்படியே விட்டால் படத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் கோடுகள் விழும். அந்தத் துகள்கள் ஷட்டருக்குள் போனால் இன்னும் கேடு. கமெராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியின் முனையை அல்ககோலில் நனைத்து, அந்தப் பள்ளத்தைச் சுரண்டி எடுங்கள். பொறுமை வேண்டும், ஒரு மாலை முழுவதும் எடுக்கலாம். சுத்தமான பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை இழுத்து அமர்த்தினால் போதும். கீல் பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் அகலமான கறுப்பு வெல்வெற் துண்டு.

ஷட்டரைச் சோதிக்கும் விதம் சுலபம். யாஷிக்காவில் பற்றரி போட்டு, முன்பக்கத்தில் இருக்கும் ஒளிமானியின் சின்னக் கண்ணை விரலால் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். ஷட்டர் திறந்தபடியே நிற்கும். விரலை எடுத்ததும் மூடும். அந்த இரண்டு சின்னச் சத்தங்களும் கேட்டால், கமெராவின் மின்மூளை உயிரோடு இருக்கிறது. பிலிம் நெம்பியை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால், உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர்த் துண்டு உக்கிவிட்டது, அதை மாற்றாமல் வெளிச்சக் கணக்குச் சரிவராது. இது மேல்மூடியைக் கழற்றும் வேலை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் திருத்துபவரிடம் கொடுங்கள்.

ஷட்டர் தகடுகள் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விடவே விடாதீர்கள். ஒட்டியதற்குக் காரணமே பழைய எண்ணெய் தகடுகளில் ஏறியதுதான். அவை உலர்ந்திருக்கத்தான் வேண்டும். அதேபோல, சன்னலுக்குள் மஞ்சள் கட்டம் மங்கியிருந்தால் வெளிக்கண்ணாடியை மட்டும் துடையுங்கள். உள்ளே இருக்கும் அரைக்கண்ணாடியின் பூச்சு மெல்லியது, ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே போய்விடும், பிறகு கட்டமே தெரியாது. ஊதி மட்டும் விடுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிகிறதா? அது பூஞ்சணம். யாழ்ப்பாணத்து ஈரக்காற்றிலோ சென்னைப் புழுக்கத்திலோ தோல் உறைக்குள் வருடக்கணக்காக அடைத்துவைத்ததால் வந்தது. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டிருப்பதால் மேலும் பரவாது. தோல் உறையை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கமெராவை வெளியே வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டுங்கள். ஓடாமல் கிடப்பதால்தான் இவை இறுகுகின்றன.

பனிக்காலம் இந்த ஊரின் பெரிய பாடம். மைனஸ் இருபதில் பிலிம் மொறுமொறுப்பாகும். வேகமாக இழுத்தால் கிழியும், அல்லது உராய்வு மின்சாரம் படத்தில் கிளைகிளையாகக் கோடு போடும். மெதுவாக இழுங்கள். கமெராவை மேற்கோட்டுக்குள் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். கையுறையோடு எடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். 1962 பெப்ரவரி 20ஆம் திகதி அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் கிளென் பூமியைச் சுற்றியபோது கொண்டுபோனது, மினோல்ற்ரா ஹைமற்றிக்கின் இன்னொரு பெயரிலான அன்ஸ்கோ கமெரா. மருந்துக்கடையில் வாங்கியது. விண்வெளிக் கையுறையோடு பிடிப்பதற்காக அதில் ஒரு கைப்பிடி பொருத்தினார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது, விரல்நுனி மெல்லிய ஓர் உள்கையுறை போதும்.

உள்ளே வரும்போதுதான் உண்மையான ஆபத்து. குளிர்ந்த கமெராவோடு மெற்றோ நிலையத்துக்குள் இறங்கினால், அந்த வெப்பமான ஈரக்காற்று லென்ஸின் வெளியிலும் உள்ளேயும் நீராகப் படியும். வாசலிலேயே, வெளியில் நிற்கும்போதே, பிளாஸ்ரிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திறவுங்கள். இன்னொன்று, ஒளிமானி வெண்பனியைச் சாம்பல் நிறம் என்று நினைக்கும், பனி அழுக்காக வரும். 400 பிலிம் போட்டிருந்தால் பிலிம் வேகத்தைக் குறிக்கும் வட்டை 200இல் வையுங்கள். பனி பனியாக வரும், முகமும் தெரியும்.

பிலிம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் உதகமண்டலத்தில் 'இந்து' என்ற பெயரில் எங்கள் பக்கத்திலேயே பிலிம் செய்தார்கள், அந்தத் தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது. இன்று கொடாக்கும் இல்போர்டும் இருக்கின்றன, விலை கூடிவிட்டது. ஊருக்குப் போகும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். விமான நிலையங்களில் இப்போது வரும் சி.ரி. (CT) ஸ்கானர்கள் பிலிமைக் கெடுத்துவிடும். பிலிமைத் தனிப் பையில் கையோடு எடுத்துச் சென்று, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கடைசியாக நெகற்றிவ். இங்கே 1856இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த வில்லியம் நொட்மன் மொன்றியலில் ஸ்ரூடியோ நடத்தினார். அந்த ஸ்ரூடியோ எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம் இட்டு, படத்தின் பிரதியை ஏட்டில் ஒட்டி, பெயரையும் எழுதிவைத்தது. நூறு ஆண்டுகள் கழித்து 1956இல் அந்தச் சேகரம் மக்கோட் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, இலட்சக்கணக்கான முகங்களும் பெயரோடு வந்தன. எங்கள் அல்பங்களில் எத்தனை முகங்களுக்குப் பெயர் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துப் பாருங்கள். ஊரை விட்டு ஓடிய நாட்களில் எத்தனை அல்பம் எரிந்தது, எத்தனை தொலைந்தது. இனி எடுப்பதையாவது காப்பாற்றுவோம். நெகற்றிவ் உறையில், பிலிமை உள்ளே போடும் முன்பே, மென்பென்சிலால் எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது. பிள்ளைகள் படிக்கக்கூடியபடி தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதுங்கள். வீட்டில் எண்பது வயதில் ஒருவர் இருந்தால் முதல் பிலிமை அவருக்கே செலவழியுங்கள். சன்னலோரம் இருத்தி, கதை கேட்டுக்கொண்டே எடுங்கள்.

இனிக் கேள்விகளைக் கேளுங்கள். கமெரா கொண்டுவந்தவர்கள் மேசைக்குக் கிட்ட வாருங்கள், அல்ககோலும் பஞ்சுக் குச்சியும் கம்பளி நூலும் இருக்கின்றன. முதலில் பின்கதவைத் திறந்து பார்ப்போம்.